மூன்றரை நிமிஷத் தோடி

ஜாஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பழைய தமிழ் சினிமாவின் கிளப் காட்சி. மேடையில் கோட்டு போட்ட ஒருவர் டிரம்பெட் ஊதுவார். எல்.ஆர்.ஈஸ்வரி குரலுக்கு யாரோ ஆடுவார்கள். மூலை மேஜையில் இரண்டு பேர் பெட்டி மாற்றிக்கொள்வார்கள். பாட்டு முடிந்ததும் போலீஸ் வரும். அதோடு சரி, நமக்கும் ஜாஸுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல்.

ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுதி வைக்காத சங்கீதத்தை அந்த நிமிஷத்துக்குத் தோன்றியபடி ஒருவர் ஊதிக்கொண்டே போவதையும், பக்கத்தில் நிற்பவர் தோல் வாத்தியத்தால் அவரை உசுப்பேற்றுவதையும் விடிய விடியக் கேட்ட ஜனம் எங்கே இருந்தது? நியூயார்க்கில் ஹார்லெம் பக்கம் இருந்தது. இங்கே நம் காவிரி டெல்டாவில் இருந்தது. பட்டுக்கோட்டையில் ஆரம்பித்து மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர், மாயவரம் என்று கோயில் கோயிலாகப் போங்கள். சாமி புறப்பாட்டில் மல்லாரி, அப்புறம் ராகம், அப்புறம் ரக்தி என்று தெருத்தெருவாக வாசித்த ஊர்கள்தான் அத்தனையும். நாதஸ்வரம் மேலே ஏறும், தவில் குறுக்கே பாயும், கூட்டம் தலையை ஆட்டும். ஜாஸின் இலக்கணமும் ஏறக்குறைய இதுதான்.

அந்த தைரியத்தில் இந்த வாரம் ஆறு ஜாஸ் ஆல்பங்களைச் சிபாரிசு செய்கிறேன். ஆறும் ஒரே கம்பெனியின் வெளியீடுகள். பிளேயர், தட்டு எதுவும் வாங்க வேண்டாம். செல்போனும் ஒரு சுமாரான ஹெட்போனும் போதும், எல்லாமே இணையத்தில் கிடைக்கின்றன. கடைசியில் நம் ஊர் சம்பந்தமாக ஒரு வழக்கும் வைத்திருக்கிறேன். அதற்குச் சாட்சிகள்தான் இந்த ஆறும்.

★

கம்பெனி பெயர் ப்ளூ நோட். ஆரம்பித்தவர் ஆல்ஃபிரெட் லயன். 1908-ல் பெர்லினில் பிறந்த யூதர். விடலைப் பருவத்தில் பெர்லினுக்கு வந்த ஓர் அமெரிக்கக் கறுப்பர் குழுவின் வாசிப்பைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்தவர். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி நியூயார்க் வந்து சேர்ந்தார். 1938 டிசம்பர் 23-ம் தேதி கார்னகி ஹாலில் ஒரு கச்சேரி. அதில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்று இரண்டு பியானோக்காரர்கள். கேட்டுவிட்டு வந்தவருக்குத் தூக்கம் போயிருக்க வேண்டும். சரியாக இரண்டு வாரத்தில், 1939 ஜனவரி 6-ம் தேதி, இருவரையும் ஸ்டுடியோவுக்கு அழைத்து வாசிக்க வைத்துவிட்டார்.

அப்போது அவர் செய்த ஒரு காரியம் முக்கியம். அன்றைக்கு வழக்கமான கிராமபோன் தட்டு பத்து அங்குலம். பக்கத்துக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை நிமிஷம். பன்னிரண்டு அங்குலத் தட்டு என்று ஒன்று இருந்தது. அது பெரும்பாலும் மேல்நாட்டு சாஸ்திரிய சங்கீதத்துக்கென்று ஒதுக்கப்பட்ட ராஜ மரியாதை. லயன் அந்தப் பெரிய தட்டை இந்த பியானோக்காரர்களுக்குக் கொடுத்தார். கூடுதலாகக் கிடைத்தது என்னவோ ஒரு நிமிஷம் சொச்சம்தான். ஆனால், 'உங்கள் வாசிப்புக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும், அதற்கு நான் காசு தருகிறேன்' என்று ஒரு முதலாளி சொன்னது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிறகு அவருடைய பால்ய நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் பெர்லினிலிருந்து வந்து கூட்டாளியானார். போட்டோகிராபர். ஒலிப்பதிவு நடக்கும்போதே கேமராவோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து எடுத்த படங்கள்தான் பிற்பாடு அட்டைகளாயின. 1953 முதல் ஒலிப்பதிவுக்கு ரூடி வேன் கெல்டர். தொழில் கண் பரிசோதனை. கண்ணாடிக்கு நம்பர் எழுதிக் கொடுக்கிறவர். நியூஜெர்சியில் அப்பா அம்மா வீட்டு ஹாலில் மைக் வைத்து ராத்திரிகளில் ஜாஸ் பதிவு செய்தார். 1959-ல் சொந்த ஸ்டுடியோ கட்டும்வரை அந்த ஹாலில் பதிவானவை இன்று உலகம் முழுக்க ஒலிக்கின்றன. அட்டை வடிவமைத்த ரீட் மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய பிடிப்பு கிடையாது என்பது உபரித் தகவல். கல்யாண வீட்டில் சமைப்பவர் சாப்பிடாமலே ருசி சொல்வது போல!

இன்னொன்று. ரெக்கார்டிங்குக்கு முன்னால் வித்வான்களை ஒத்திகை பார்க்கச் சொல்லி, அந்த ஒத்திகைக்கும் சம்பளம் கொடுத்த கம்பெனி இது. நான் படித்தது பி.காம். காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியாரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். ஒத்திகையை விற்க முடியாது. அதற்கு எதற்குச் செலவு? அந்தச் செலவு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் காதால்தான் கேட்க வேண்டும்.

★

ஒன்று: சம்திங் எல்ஸ் (1958). கேனன்பால் ஆடர்லி, ஆல்டோ சாக்ஸபோன். புதிதாகக் கேட்பவர்கள் இதில்தான் பிள்ளையார் சுழி போட வேண்டும். முதல் உருப்படி 'ஆட்டம் லீவ்ஸ்'. அடிப்படையில் ஒரு பிரெஞ்சு சினிமாப் பாட்டு. நம்மூர்க் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு சினிமாப் பாட்டை எடுத்து, பல்லவியைச் சொல்லிவிட்டு, அப்புறம் தன் இஷ்டத்துக்கு விரிப்பார் இல்லையா, அதே வேலை. சுமார் பதினோரு நிமிஷம். டிரம்பெட் மைல்ஸ் டேவிஸ். அப்போது மைல்ஸின் குழுவில் சம்பளத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் ஆடர்லி. இந்த ஆல்பத்தில் மட்டும் முதலாளி பக்கவாத்தியம், சிப்பந்தி கச்சேரித் தலைவர். மைல்ஸ் நாலு ஸ்வரத்தில் முடித்துவிட்டு நிறுத்துவார். ஆடர்லி அதே இடத்தில் நாற்பது ஸ்வரம் கொட்டுவார். கஞ்சனும் ஊதாரியும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்வது போல இருக்கும். ஆனால், சண்டையே இல்லை.

இரண்டு: மோனின் (பதிவு 1958 அக்டோபர் 30). ஆர்ட் பிளேக்கியும் ஜாஸ் மெசஞ்சர்ஸும். தவில் பிரியர்களுக்கு இதுதான் முதல் பந்தி. டிரம்ஸ் வாசிக்கிறவர்தான் குழுத் தலைவர். தலைப்புப் பாட்டை இயற்றியவர் பியானோக்காரர் பாபி டிம்மன்ஸ். பியானோ ஒரு வரி கேட்கும். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து இரண்டே தட்டில் பதில் சொல்வார்கள். தேவாலயத்தில் பாதிரியார் சொல்லச் சொல்ல சபை 'ஆமென்' போடும் பாணி. நம் பஜனையிலும் இந்த வரிசை உண்டு. பிளேக்கியின் உருட்டலைக் கவனியுங்கள். மெல்லிசாக ஆரம்பித்து மழை நெருங்குவது போலப் பெருகி, சரியாக அடுத்த வித்வான் வாயெடுக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பிளேக்கி முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் குழுவை நடத்தினார். வயசுப் பையன்களாகச் சேர்த்து, பழக்கி, தனியாகப் போங்கள் என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். குருகுலம்.

மூன்று: ப்ளூ ட்ரெயின் (பதிவு 1957 செப்டம்பர் 15). ஜான் கோல்ட்ரேன், டெனர் சாக்ஸபோன். அவர் தலைமையில் ப்ளூ நோட்டுக்குச் செய்த ஒரே ஆல்பம். வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் ஆன பிறகும், லயனிடம் முன்பே கொடுத்த வாய்ச்சொல்லுக்காக வந்து வாசித்துவிட்டுப் போனார் என்பார்கள். ஐந்து உருப்படிகளில் நாலு அவரே இயற்றியவை. தலைப்புப் பாட்டு 'ப்ளூஸ்' அமைப்பு. பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும். அதை ஓர் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணுங்கள், ஜாஸின் பாதி ரகசியம் பிடிபட்டுவிடும். ஒரு வித்தியாசம்: நம்மிடம் ஒத்து ஒரே ஸ்வரத்தில் நிற்கும், அங்கே பியானோவும் பேஸும் அடியில் தரையையே நகர்த்திக்கொண்டிருக்கும். ஓடுகிற படகில் நின்று கோலம் போடுவது மாதிரியான வேலை. தலைப்புப் பாட்டு பத்தரை நிமிஷத்துக்கு மேல் போகிறது. இந்த ஆல்பத்தின் பதிவுத் தேதியை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான்கு: எ நைட் அட் தி வில்லேஜ் வேன்கார்ட் (1957 நவம்பர் 3). சன்னி ரோலின்ஸ். நியூயார்க்கில் ஒரு நிலவறை கிளப்பில் நேரடியாகப் பதிவு செய்தது. சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ், ஆக மூன்றே பேர். பியானோ கிடையாது. நாதஸ்வரம், ஒத்து, தவில் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இதைவிட நெருக்கமான ஜாஸ் கிடைக்காது. ரோலின்ஸ் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு, திருப்பிப் போட்டு, பாதியில் வெட்டி, தலைகீழாக மாட்டி, டிரம்ஸிடம் நீட்டுவார். டிரம்ஸ் அதை வாங்கி வேறு மாதிரி திருப்பிக் கொடுக்கும். நம்மூர்த் தனி ஆவர்த்தனத்தில் இரண்டு தவில்கள் கோர்வையைக் குறைத்துக் குறைத்துப் பரிமாறுவது ஞாபகம் வரும். இந்த ஆறில் ஒன்றுதான் கேட்க நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள்.

ஐந்து: தி சைட்விண்டர் (பதிவு 1963 டிசம்பர்). லீ மார்கன், டிரம்பெட். ப்ளூ ட்ரெயினில் பத்தொன்பது வயசுப் பையனாக வாசித்தவர், இதில் தலைவர். தலைப்புப் பாட்டு உட்கார விடாது. நன்றாக விற்றது. அங்கேதான் சனி பிடித்தது. ஒன்று விற்றால் 'இதே மாதிரி இன்னொன்று கொடு' என்று விநியோகஸ்தர்கள் கேட்பது கோடம்பாக்கத்தில் மட்டும் நடப்பதல்ல. அதற்குப் பிறகு வந்த பல ப்ளூ நோட் ஆல்பங்களில் முதல் பாட்டு சைட்விண்டரின் தம்பி மாதிரியே இருக்கும். நல்ல வித்வான்கள் அந்தச் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டு நெளிவது கேட்கிறது. 1965-ல் லயன் கம்பெனியை லிபர்ட்டி என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார். 1967-ல் ஓய்வு பெற்றுக்கொண்டார். மார்கன் 1972-ல், முப்பத்து மூன்று வயதில், ஒரு கிளப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆறு: அவுட் டு லஞ்ச் (பதிவு 1964 பிப்ரவரி 25). எரிக் டால்ஃபி. சாக்ஸபோன், புல்லாங்குழல், பேஸ் கிளாரினெட் மூன்றும் வாசிப்பார். முதல் தடவை கேட்டால் சமையல்கட்டில் அண்டா உருண்டது போல இருக்கும். மூன்றாவது தடவை ஓர் ஒழுங்கு தெரியும். ஐந்தாவது தடவை விட மனசு வராது. பதினெட்டு வயசு டோனி வில்லியம்ஸின் டிரம்ஸ், தாளத்தை வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு வாசிக்கிற ரகம். பதிவான நாலே மாதத்தில் டால்ஃபி பெர்லினில் இறந்துபோனார். வயது முப்பத்தாறு. இது விற்காது என்பது பதிவு செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். பதிவு செய்தார்கள்.

குறை ஒன்றும் இல்லையா? உண்டு. ப்ளூ நோட்டின் அமைப்பு ரொம்பவும் ஒரே மாதிரி. முதலில் எல்லாரும் சேர்ந்து பல்லவி, அப்புறம் ஒவ்வொருவராக வரிசையில் நின்று கற்பனை, திரும்பப் பல்லவி. இருபது ஆல்பம் கேட்டால் ரேஷன் கடை க்யூ போலத் தோன்றும். அதனால்தான் ஆறோடு நிறுத்தினேன்.

★

இப்போது நம் வழக்குக்கு வருவோம்.

திருமருகலில் 1898-ல் பிறந்து, திருவாவடுதுறையில் வாழ்ந்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோடி என்றால் அவர்தான். கிராப்பு வைத்துக்கொண்டு, பட்டுச் சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு, வாய்ப்பாட்டு வித்வான்களுக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நாதஸ்வரத்துக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியிருந்த காலம் அது என்பதை மறக்கக் கூடாது. கோட்டு சூட்டில், தலை நிமிர்ந்து, சிகரெட் புகைக்கு நடுவே வுல்ஃபின் கேமராவைப் பார்க்கும் கறுப்பு வித்வான்களின் படங்களைக் காணும்போது எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். இரண்டு பேரும் கேட்டது ஒரே மரியாதை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நாதஸ்வரத்தின் உடம்பையே மாற்றியவர் ராஜரத்தினம். 1947 ஆகஸ்ட்டில் நாடு சுதந்திரம் பெற்றபோது வானொலியில் ஒலித்தது அவருடைய நாதஸ்வரம். 1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகக்கூட நடித்துவிட்டார்.

இப்படிப்பட்டவரின் தோடி கிராமபோனில் எவ்வளவு நேரம் இருந்தது? தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிஷம்! தெருவில் மணிக்கணக்காக வாசித்த ராகத்தை முள் ஓடி முடிவதற்குள் சுருட்ட வேண்டும். அந்தத் தட்டுகளைக் கேட்டால் தெரியும். எடுத்த எடுப்பிலேயே ராகத்தின் நடுக்கூடத்துக்கு வந்துவிடுவார். திண்ணை, ரேழி எதுவும் கிடையாது. முழு வீட்டையும் ஜன்னல் வழியாகக் காட்டும் சாமர்த்தியம். அற்புதம்தான். ஆனால், அது ஜன்னல்.

எங்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ல், இருபத்தொன்பது வயதில் போய்விட்டார். அநியாயச் சாவு. ஆனாலும் எழுதிய பாட்டுகள் இருக்கின்றன. சினிமாப் பாட்டு மூன்றரை நிமிஷத்துக்குள் அடங்குகிற சாமான். தட்டில் முழுசாக உட்கார்ந்துகொண்டது. நாதஸ்வரம் அப்படி அடங்குகிற சாமான் அல்ல.

அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல்.பி. எனப்படும் நீண்ட நேரத் தட்டை வெளியிட்டது 1948-ல். பக்கத்துக்கு இருபது நிமிஷம் சொச்சம். ராஜரத்தினத்துக்கு ஸ்பெஷல் தவில் வாசித்த மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்தது 1949-ல். ராஜரத்தினம் இறந்தது 1956 டிசம்பர் 12-ம் தேதி. ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, ப்ளூ ட்ரெயின்... அது பதிவானது 1957 செப்டம்பர் 15. ஒன்பது மாத இடைவெளி! அங்கே ஒரு முப்பது வயசு வித்வானுக்குப் பத்தரை நிமிஷம் கொடுத்து, ஒத்திகைக்குச் சம்பளம் கொடுத்து, கூட வாசித்த அத்தனை பேர் பெயரையும் அட்டையில் போட்டார்கள். இங்கே சக்ரவர்த்தி என்று பட்டம் கொடுத்துவிட்டு மூன்றரை நிமிஷம் கொடுத்தார்கள்.

நம்மிடம் கம்பெனிகள் இல்லாமல் இல்லை. காரைக்குடி ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்கு முன்னால் இசைத்தட்டு வியாபாரிதான். 1930-களில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து, ஓடியன் தட்டுகளை ஊரெல்லாம் பரப்பினார். ஓடியன் எந்த ஊர்க் கம்பெனி தெரியுமா? பெர்லின். அதே பெர்லினிலிருந்து கிளம்பிய லயன், ஜாஸைப் பிடித்துக்கொண்டார். நம்மவர்கள் வியாபாரம் தெரிந்தவர்கள், தட்டிலிருந்து நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது; பணம் அங்கேதான் இருந்தது. ஆனால், விற்குமா விற்காதா என்று கணக்குப் பார்க்காமல் நாதஸ்வரத்தின் நீளத்துக்குத் தட்டை நீட்டிய ஒரு பைத்தியக்காரர் நமக்கு வாய்க்கவில்லை.

மிச்சம் இருப்பது வானொலிப் பதிவுகள், ரசிகர்கள் கைமாற்றிக் காப்பாற்றிய சில நீளமான நாடாக்கள், அப்புறம் சினிமா. காருகுறிச்சி அருணாசலத்தை ஊர் உலகம் இன்றும் அறிவது 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியோடு வாசித்த ஆபேரியால்தான். 1964-ல் அவரும் போய்விட்டார், வயது நாற்பத்து மூன்று. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) என்றால் சிவாஜியின் கன்னம் உப்பியதும், டி.எஸ்.பாலையா தவிலோடு அடித்த லூட்டியும் எல்லாருக்கும் தெரியும். உண்மையில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்கள் என்று தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள். சரி, பின்னணியில் தவில் வாசித்தவர்? கை இறங்கிவிட்டது இல்லையா?

அங்கேதான் எனக்குக் கோபம். 'மங்கள இசை' என்று வந்த கேசட்டுகளையும் சி.டி-க்களையும் எடுத்துப் பாருங்கள். அட்டையில் பிள்ளையார், குத்துவிளக்கு, வாழைமரம் எல்லாம் ஆஜர். நாதஸ்வரக்காரர் பெயர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தவில் யார்? ஒத்து யார்? தாளம் யார்? எந்த வருஷம்? எங்கே பதிவு? பெரும்பாலும் மௌனம்தான். ப்ளூ நோட் ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் பெயர் முதல் எந்தத் தேதியில் எந்த ஊரில் பதிவு செய்தது என்பதுவரை விவரம் இருக்கிறது. அதனால்தான் என்னால் இத்தனை தேதிகளை இங்கே அடுக்க முடிந்தது. விற்காத சரக்குக்கும் கணக்கு வைத்தார்கள். டீனா ப்ரூக்ஸ் என்று ஒரு சாக்ஸபோன்காரர். அவர் தலைமையில் நாலு ஆல்பத்துக்குப் பதிவு நடந்தது. உயிரோடு இருந்தபோது வெளியானது ஒன்றே ஒன்று. 1974-ல் அவர் இறந்துபோனார். மற்ற மூன்றும் பெட்டியில் பத்திரமாக இருந்தன. 1970-களின் மத்தியில் மைக்கேல் கஸ்குனா என்பவர் கிடங்கைக் கிளறி, வெளிவராத பதிவுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். ப்ரூக்ஸின் மூன்றையும் இன்று நீங்களும் நானும் கேட்கலாம். உயிரோடு இருக்கும்போது வெளியிடாதது கம்பெனியின் பாவம். பெயரும் தேதியும் எழுதி வைத்தது புண்ணியம்.

★

'நாதஸ்வரம் கோயில் சொத்து. தெருவில் சாமிக்கு முன்னால் வாசிப்பதைத் தட்டில் அடைப்பது எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பிளேக்கியும் ரோலின்ஸும்கூட ராத்திரிக்கு ராத்திரி கிளப்பில் வாசித்தவர்கள்தான். ஆல்பம் அதற்கு மாற்று அல்ல, சாட்சி. அந்த ராத்திரிகளைக் கேட்ட ஆட்கள் போய்ச் சேர்ந்த பிறகு, பேரன் பேத்திகளுக்கு ஆல்பம் ஒன்றுதான் மிச்சம்.

வெளியூர்க்காரர்களுக்கு நம் வாத்தியத்தின் அருமை தெரியாமலும் இல்லை. சார்லி மரியானோ என்று ஒரு அமெரிக்க ஆல்டோ சாக்ஸபோன்காரர். சார்லஸ் மிங்கஸ் போன்ற ஜாம்பவானோடு வாசித்தவர். 1960-களில் மலேசிய வானொலிக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கக் கோலாலம்பூர் போனவர், அங்கே நாதஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். பிறகு இந்தியாவுக்கும் வந்து படித்தார். ஜாஸ் ஆல்பங்களிலேயே நாதஸ்வரம் வாசித்தார். 2009-ல் இறக்கும்வரை நம்முடைய சங்கீதத்தை விடவில்லை. பாஸ்டன்காரருக்குத் தெரிந்தது பட்டுக்கோட்டைக்காரருக்குத் தெரியாதா என்ன?

தெரியும். ஆனால், இப்போது கல்யாண மண்டபங்களில் நடப்பதைப் பாருங்கள். வாசலில் செண்டை மேளம், உள்ளே டி.ஜே. நாதஸ்வரத்துக்கு மிஞ்சுவது முகூர்த்த நேரமும் கெட்டிமேளமும். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். கருவிக்கு முத்திரை குத்தியாகிவிட்டது. அதை ஊதுகிறவருக்குப் பத்தரை நிமிஷம் யார் கொடுப்பது?

கோடீஸ்வரர் யாரும் வர வேண்டாம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஏற்கெனவே ஒரு ரெக்கார்டிங் கம்பெனி வருகிறது. வீடியோக்காரர்! மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கட்டுச்சாதம் வரைக்கும் இரண்டு நாள் படம் பிடிக்கிறார். ட்ரோன்கூடப் பறக்கவிடுகிறார். அப்புறம் என்ன செய்கிறார்? நாதஸ்வரம் ஒலிக்கிற இடத்தில் எல்லாம் அந்தச் சத்தத்தை அழித்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டை ஒட்டுகிறார். திரையில் வித்வான் வாய் வைத்து ஊதுகிறார். ஸ்பீக்கரில் போன மாசத்து ஹிட் பாட்டு வருகிறது. கேட்டால், 'கஸ்டமர் அதைத்தான் கேட்கிறாங்க' என்பார். கஸ்டமர் நீங்கள்தானே?

எனவே, அடுத்த முகூர்த்தம் உங்கள் வீட்டில் என்றால் வீடியோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாதஸ்வரம் வாசிக்கிறபோது ஒலியைத் தொடாதே. மைக்கை அணசுக்குள் செருகாதே, நாலடி தள்ளி வை. அப்போதுதான் தவிலும் சேர்ந்து விழும். காலையில் ஆள் கூடுவதற்கு முன்னால் வித்வானிடம் போய், 'அண்ணே, ஒரு அரை மணி நேரம் நீங்க இஷ்டப்பட்டதை வாசிங்க, யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டாங்க' என்று கேட்டுப் பாருங்கள். அந்த அரை மணிக்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள். பந்தியில் இரண்டு ஐட்டத்தைக் குறைத்தால் கட்டுப்படியாகும். பதிவானதை அவர்கள் சம்மதத்தோடு இணையத்தில் ஏற்றும்போது அடியில் நாலு வரி போடுங்கள். நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார், ஒத்து இன்னார், தாளம் இன்னார். கூடவே ஊரும் தேதியும்.

தேதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.